பன்னிரண்டாவது ஓநாய்

ஓநாய்கள் பதினொன்று. உடை அறையில் மயிர்ச்சட்டை பதினொன்று, ஒப்பனை அறையில் ஒட்டிய மூக்கு பதினொன்று, மதியம் சாப்பிட உட்கார்ந்த ஆட்கள் பதினொரு பேர். தளத்தில் விளக்கு எரிந்து கேமரா ஓடத் தொடங்கியதும் நான் எண்ணினால் மட்டும் பன்னிரண்டு வருகிறது.

எண்ணத் தெரியாதவள் இல்லை நான். 'நகமும் பல்லும்' வரிசையில் இது நான்காவது படம். நான்குக்கும் நான்தான் கன்டினியூட்டி. ரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் ஒரு நகரத்துக்காக அடித்துக்கொள்கிற கதை. ஒரு சண்டையை வாரக்கணக்கில் துண்டு துண்டாக எடுப்பார்கள். திங்கட்கிழமை ரத்தக்காட்டேரியின் கோட்டில் இரண்டாவது பொத்தான் பிய்ந்திருந்தால், அடுத்த மாதம் அதே சண்டையின் மிச்சத்தை எடுக்கும்போதும் அதே பொத்தான்தான் பிய்ந்திருக்க வேண்டும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, போட்டோ எடுத்து, நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. ஒழுங்காகச் செய்தால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பொத்தான் மாறினால் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

பன்னிரண்டாவது ஓநாய் எப்போதும் கடைசி வரிசையில், படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. மற்றவை உறுமும்போது அது உறுமுவதில்லை. அதன் வலது கன்னத்தில் ஒரு காயம். இந்தப் படத்தில் எந்த ஓநாய்க்கும் வலது கன்னத்தில் காயம் கிடையாது. ஏழு வருடத்துக்கு முன்னால், முதல் பாகத்தில், ஒரே ஒரு ஓநாய்க்கு இருந்தது. அதுவும் கால் மணி நேரம்தான். அந்தக் காயத்தை அங்கே வைக்கச் சொன்னவள் நான்.

எடுத்த காட்சியைத் திரும்பப் போட்டு, நிறுத்தி நிறுத்தி எண்ணினால் பதினொன்றுதான் வருகிறது. கண் டாக்டரிடம் போனேன். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு, தூக்கம்தான் பத்தலை," என்றார். கோளாறு என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் பாகத்தில் ஓநாய்த் தலைவனுக்கு டூப் போட்டவனை நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. மயிர்ச்சட்டைக்குள் இரண்டு தலையணையைத் திணித்தால்தான் ஓநாய் மாதிரித் தெரிவான். நாலாவது மாடியிலிருந்து படிக்கட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் குதிக்கிற காட்சி அவனுடையது. முதுகில் கயிறு கட்டியிருக்கும். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது கயிறு பிடித்துக்கொள்ளும்.

அன்று காலை அவனுக்கு ஓநாய் முகம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயும்வரை தலையைத் திருப்பக் கூடாது. எனக்கோ அவசரம். நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே, எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"ரத்தக்காட்டேரிதான்க்கா கண்ணாடில தெரியாது. நான் ஓநாய், நல்லாத் தெரிவேன். எடுங்க," என்றான் உதட்டை அசைக்காமல்.

கண்ணாடியைப் பார்த்து எடுத்த படத்தில் இடது வலதாகிவிடும். அதனால் படத்தின் மேலேயே 'கண்ணாடி' என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் நாள் கற்ற பாடம் அது. அவன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள் எழுத மறந்துவிட்டேன்.

மூன்று தடவை குதித்தான். முதல் இரண்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவதில் பாதி வழியில் திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தான். டைரக்டர் கை தட்டி ஓகே சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சார், காயம் இடது கன்னத்துல இருக்கு. காலைல வலதுல இருந்துச்சு," என்றேன்.

"நான் இடதுலதானே வெச்சேன்," என்று ஒப்பனைக்காரப் பெண் முனகினாள். போட்டோவைக் காட்டினேன். அவள் காயத்தைத் துடைத்துவிட்டு வலது கன்னத்தில் வரைந்தாள்.

கயிறு பார்க்கிறவரைக் கயிறண்ணன் என்போம். ஒவ்வொரு குதிப்புக்கும் கயிற்றின் நுனியில் ஒரு சிவப்பு நூல் கட்டுவார். மூன்று நூல் சேர்ந்தால் அந்தக் கயிற்றுக்கு ஓய்வு. புதுசு மாட்ட வேண்டும். அவருடைய சட்டம் அது.

"மூணு ஆயிடுச்சு சார். மாத்திடறேன்," என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று டைரக்டர் கேட்டார்.

"ஒரு மணி நேரம்."

"அதெல்லாம் முடியாதுய்யா. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணும். இன்னும் ஒரே ஒரு தடவை."

அண்ணன் மேலே பார்த்தார். நாலாவது மாடிக் கைப்பிடியிலிருந்து ஒட்டடைக்குச்சி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கீழே நின்ற நான், வலது கன்னத்தில் காயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை கயிறு அறுந்துவிட்டது.

அவன் சாவைப் பற்றிய விசாரணையில், கயிறு மாற்ற வேண்டும் என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார் டைரக்டர். கேட்டேன் என்றார் கயிறண்ணன். பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் ஞாபகமில்லை என்று கை விரித்தார்கள். அவர்களுக்கு அடுத்த படம் வேண்டுமே. பிறகு என் முறை வந்தது. நோட்டைக் கேட்டார்கள். மழை இயந்திரத்தில் நனைந்து கூழாகிவிட்டது என்றேன்.

நனையவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. மேல் வரி: 'டேக் 4. காரணம்: காயம் கன்னம் மாறியிருக்கிறது. நான் சொன்னேன்.' கீழ் வரி: 'கயிறு மாற்றக் கேட்டார். டைரக்டர் வேண்டாம் என்றார்.' விபத்து நடந்த அன்று சாயங்காலமே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். அவன் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், போனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற என் முகம் இருந்தது. கண்ணாடிப் படம் என்று அப்போதுதான் உறைத்தது.

கீழ் வரியைக் கொடுத்தால் மேல் வரியும் கூடவே போகும். அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் நோட்டைச் செருகிவிட்டேன். கயிறண்ணனின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு இரண்டாவது பாகம் கிடைத்தது, பிறகு மூன்றாவதும்.

இந்தப் பாகத்தில் கயிறண்ணன் திரும்பி வந்தார். கயிற்று வேலைக்கு இல்லை, கறுப்புத் துணிக்கு. எங்கள் ராத்திரியெல்லாம் பட்டப்பகலில் செய்கிற ராத்திரிதான். பெரிய கொட்டகையின் ஜன்னல், கதவு, கூரை இடுக்கு எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே நிலா வெளிச்சம் போடுவோம். வாசல் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், வருகிறவர் போகிறவரால் ஒரு விரல் வெளிச்சம்கூட உள்ளே வராமல். மேனேஜர் இரக்கப்பட்டு அந்த வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார். தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. டைரக்டர் தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார், தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அண்ணன் வேலைக்கு வந்த அன்றுதான் எனக்குப் பன்னிரண்டு வர ஆரம்பித்தது.

போன வெள்ளிக்கிழமை, விளக்கு மாற்றுகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதே."

"கேளுங்கண்ணே."

"அன்னிக்கு நான் கயிறு மாத்தணும்னு கேட்டேனா?"

அவர் துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் பேசினார்.

"கேட்டேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். விசாரணைல அத்தனை பேரும் ஞாபகமில்லைன்னாங்க. அத்தனை பேருமா பொய் சொல்வாங்க? தப்பிக்கறதுக்காக நானே அப்படி ஒண்ணை மனசுல உண்டாக்கிக்கிட்டேன் போல. வீட்டுல அவளும், விடுங்க, தெரியாம நடந்ததுதானேங்கறா. அவளே நம்பலை பாரு. உன் நோட்டு நனைஞ்சு போச்சுன்னு தெரியும். உன் ஞாபகத்துலயாவது இருக்கான்னு கேக்கறேன்."

"ஞாபகம் இல்லண்ணே," என்றேன்.

"பரவால்ல. நீயும் எத்தனையைத்தான் ஞாபகம் வெச்சுப்பே," என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏழு வருடமாக நான் அவருடைய வேலையைத்தான் திருடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஞாபகத்தையும் சேர்த்துத் திருடியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் முதல் பாகம் ஓடியது. என் வீட்டுக்காரர் எத்தனையாவது தடவையாகவோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக்குச்சி குதித்தான், பாதியில் திரும்பினான், நேராக என்னைப் பார்த்தான். படத்தில் வைத்திருப்பது மூன்றாவது டேக்தான், நான் தப்பு என்று சொன்னது. காயம் இடது கன்னத்தில், வைத்த இடத்திலேயே இருந்தது.

விளம்பரம் வந்ததும் கேட்டேன். "இப்போ குதிச்சானே ஓநாய், அவனுக்குக் காயம் எந்தக் கன்னத்துல இருந்துச்சு?"

வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காயமா? ஓநாய்க்குக் காயம் இருந்துச்சா என்ன?"

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். போர்வைகளுக்கு அடியில் நோட்டு அப்படியே இருந்தது, ஒரு மூலைகூட நனையாமல்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. உள்ளே படிக்கட்டு நிறைய ரத்தக்காட்டேரிகள், கீழே ஓநாய்கள், நடுவில் புகை. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் துணிக்குப் போனேன்.

"அண்ணே, நோட்டு நனையலை," என்றேன். பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். இருட்டில் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய பேனா டார்ச்சைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு விரல் வெளிச்சத்தை உள்ளே விடாத மனிதர், துணியை ஒரே இழுப்பில் முழுவதுமாக ஒதுக்கிவிட்டார்.

பகல் உள்ளே பாய்ந்தது. ரத்தக்காட்டேரிகள் எல்லாரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் நடித்ததை அன்றுதான் நிஜமாகச் செய்தார்கள். கயிறண்ணன் எதையும் கவனிக்கவில்லை. கீழ் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"கேட்டிருக்கேன்," என்றார். "நான் கேட்டிருக்கேன் தங்கச்சி."

பிறகு விரல் மேல் வரிக்குப் போனது. அங்கே நெடுநேரம் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மன்னிப்பதற்கோ திட்டுவதற்கோ அந்த முகத்தில் இன்னும் இடம் வரவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் போட்டோ எடுத்துவிட்டேன் என்றேன். காயம் சரியாகத்தான் இருந்தது என்றேன். நான்காவது தடவை குதித்திருக்கவே வேண்டாம் என்றேன்.

"யாருய்யா துணியைத் திறந்தது?" என்று உள்ளேயிருந்து டைரக்டரின் குரல் வந்தது. புகைக்குள்ளிருந்து வேகமாக வந்தவர் அண்ணனைப் பார்த்ததும் நின்றார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நீதானா? துணி பிடிக்கிற வேலையையாவது ஒழுங்காச் செய்ய மாட்டியா?"

எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். விசாரணை அறையில் பார்த்த அதே பார்வை. அண்ணன் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவர் மேல தப்பில்லை சார்," என்றேன்.

"நீ எதுக்கு நடுவுல வர்றே? போய் உன் இடத்துல உட்காரு."

"அன்னிக்கும் அவர் மேல தப்பில்லை."

டைரக்டரின் கண் அண்ணன் கையில் இருந்த நோட்டுக்குப் போனது. அதன் பச்சை அட்டை அவருக்கும் தெரியும். "அது நனைஞ்சு போச்சுன்னு சொன்னியே," என்றார். குரலில் இருந்த சூடு இறங்கிவிட்டது. "உள்ள வா, தனியாப் பேசிக்கலாம். இன்னும் ரெண்டு பாகம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அண்ணன் நோட்டை என்னிடம் நீட்டினார். "படிம்மா," என்றார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி. நான் படிச்சா நம்ப மாட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். கீழ் வரியை மட்டும் படித்தாலே போதும், அண்ணன் தப்பித்துவிடுவார். மேல் வரியைப் படி என்று அவர் சொல்லவுமில்லை. அப்படி ஒரு நினைப்பு அந்த நிமிடத்திலும் எனக்கு வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

தளத்தைப் பார்த்தேன். வெயில் படிக்கட்டுவரை விழுந்திருந்தது. ஓநாய்கள் எல்லாம் என் பக்கம் திரும்பி நின்றன. பழக்கத்தில் எண்ணினேன். கேமரா ஓடாமலும், அவ்வளவு வெளிச்சத்திலும் பன்னிரண்டுதான். கடைசி வரிசையில் இருந்தவன் வலது கன்னத்துக் காயத்தோடு, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, காத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, மேல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.