கலப்பைக்கு வடம் பிடித்த ஊர்

1

இது அமெரிக்காவில் நடக்க வேண்டிய கதை. அந்தக் காலத்து அமெரிக்கக் குடியானவர் வீடு ஒன்றைப் பற்றி எழுதும் ஆசையில் உட்கார்ந்தேன். முதல் வரியும் கம்பீரமாக வந்தது:

'கோதுமை வயல்களின்மேல் வெண்பனி மெல்ல—'

அங்கேயே நின்றுவிட்டேன். கோதுமையின்மேல் பனி எந்த மாதம் விழும், விழுந்தால் குடியானவர் சந்தோஷப்படுவாரா தலையில் கை வைப்பாரா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த பனி, காதைச் சுற்றித் துண்டு கட்டினால் போய்விடும். ஆகவே அந்தக் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு, அவர்களுடைய இரும்புக் கலப்பையை மட்டும் கப்பலேற்றினேன். [கதையில் வரும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது.] அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு சித்திரை மாதம், நேமத்தான்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மாட்டுவண்டியில் வந்து இறங்குகிறது.

2

வாங்கியவர் ஊர்த் தலைவர் கோட்டைச்சாமி அம்பலம். கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். (அவருடைய நடையைச் சிங்கத்தோடும் குரலை இடியோடும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதினேன். அவர் வாசித்தால் 'இது போதாது' என்பார் என்று தோன்றியதால் அடித்துவிட்டேன். மீசை மட்டும் இருக்கட்டும்.)

அந்த ஊரில் கோடை மழை விழுந்ததும் நல்லேர் பூட்டுவார்கள். அம்பலத்தின் ஏர் முதலில் மண்ணைத் தொட வேண்டும். அது தொடும்வரை வேறு எவர் ஏரும் இறங்கக் கூடாது. அம்பலத்துக்கு உழத் தெரியுமா என்று வழக்கம் கேட்பதில்லை. மேழியில் ஒரு கை, மீசையில் ஒரு கை. மிச்சத்தை மாடு பார்த்துக்கொள்ளும்.

மழை விழுந்துவிட்டது. இனி இது மலையம்மாள் கதை. அவளுடைய புஞ்சை மேட்டில் இருக்கிறது. கண்மாய்க்குக் கீழே நிலம் உள்ளவர்கள் பத்து நாள் பொறுக்கலாம். மேட்டில் ஈரம் அதற்குள் ஓடிவிடும். இந்த ஈரத்தில் எள் விதைக்காவிட்டால், அவளும் புருஷன் மாயக்கண்ணனும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூருக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

[மாயக்கண்ணன் இந்தக் கதைக்கு வேண்டுமா என்பது சந்தேகம். 'அம்பலத்தை எதுத்துப் பேசாத புள்ள' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருப்பதால் வைத்திருக்கிறேன்.]

3

புதுக் கலப்பையை அம்பலம் அய்யனார் கோயிலில் வைத்துப் பூசை போடச் சொன்னார். பூசாரி பெரியகருப்பன் அளவு தெரியாத மனிதர். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வேட்டி கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டினார். படையலுக்குப் பொங்கல் வைக்க விறகு போதவில்லை. 'இனிமே இது எதுக்கு' என்று அம்பலமே தம் பழைய மரக்கலப்பையைப் பிளந்து அடுப்பில் வைத்தார்.

மறுநாள் காலை, ஊரே மாட்டோடும் ஏரோடும் வந்து நின்றபோது, அம்பலத்தின் மனைவி ஆயி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, சூடம் காட்டிக் கும்பிட்ட சாமிய மாட்டுக்குப் பின்னாலயா கட்டப் போறீக? மாடு சாணி போடுமே."

அம்பலம் மீசையை விட்டுக் கையை எடுத்தார்.

"சாமிதானா அது?" என்றார் மெதுவாக.

"வேட்டி கட்டியாச்சு. இனிமே என்னத்தச் சொல்ல," என்றார் பூசாரி.

மலையம்மாள் முன்னால் வந்தாள். "எங்க ஏர் இருக்குங்கய்யா. அதத் தொட்டு ஆரம்பிச்சு வைங்க."

"அம்பலத்து ஏருதான் முன்னால போகணும். உன் ஏர நான் தொட்டா அது அம்பலத்து ஏராயிருமா? உனக்குத் திருப்பித் தர முடியுமா?"

"அம்பலத்தை எதுத்துப் பேசாத புள்ள," என்றான் மாயக்கண்ணன். (சொன்னேன் அல்லவா.)

4

நடுவில் புகுந்து உதவலாம் என்று நினைத்தேன். 'அப்போது திடீரென்று அய்யனார் குதிரையில்—' வேண்டாம். களிமண் குதிரை ஓடினால் வாசகர் கேட்பார். 'சாத்திரம் அறிந்த பெரியவர் ஒருவர் இளையாத்தங்குடியிலிருந்து—' அவர் வந்து, சாப்பிட்டு, சாய்ந்து எழுந்திருப்பதற்குள் மேடு காய்ந்துவிடும்.

மலையம்மாள் என்னை எதிர்பார்க்கவில்லை.

"ஏண்ணே," என்றாள் பூசாரியிடம், "சாமின்னா புறப்பாடு உண்டுல்ல?"

"உண்டு."

"தேர மாடா இழுக்குது? மனுசந்தானே வடம் பிடிக்கிறோம்?"

பூசாரி யோசித்தார். புறப்பாடு என்றால் தேங்காய் உண்டு. "பிடிக்கலாம்," என்றார்.

"தேரு போக வீதி வேணுமேத்தா," என்றார் அம்பலம்.

"நம்ம மேட்டுப் புஞ்சைக்குத்தான் நாலு பக்கமும் வரப்பு இருக்கே. அங்குட்டு வாங்க. தேர நிமுத்திப் பிடிக்கப் பெரிய மனுசர் ஒருத்தர் வேணும். அந்த மரியாதைய வேற யாருக்குக் குடுக்க?"

5

மாடுகள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தன. ஊர் ஆண்கள், கிணற்றில் நீர் இறைக்கும் கமலை வடத்தைக் கலப்பையில் கட்டித் தோளில் போட்டு இழுத்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அமெரிக்கக் கலப்பைக்கு இரண்டு கைப்பிடி. அம்பலத்துக்கு மீசை முறுக்கக் கை மிச்சமில்லை. முதல் சுற்றிலேயே தலைப்பாகை அவிழ்ந்தது.

"நிலைக்கு வந்திருச்சுல்ல?" என்றார் மூச்சு வாங்க.

"அது வெளி வீதி. உள் வீதி சுத்த வேணாமா?" என்றாள் மலையம்மாள்.

உள் வீதிக்கு உள்ளே இன்னொரு வீதி இருந்தது. அதற்கு உள்ளேயும் இருந்தது. புஞ்சையில் புரளாத மண் இல்லை என்று ஆனபோது அம்பலம் கலப்பையின்மேலேயே சாய்ந்துவிட்டார். அதைச் சாட்டாங்க நமஸ்காரம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

வழக்கப்படி அம்பலத்தின் ஏர் மண்ணைத் தொட்டாயிற்று. எல்லோரும் தத்தம் மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடினார்கள்.

6

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) சாமி நடந்த உழவுச் சாலில் கால் படக் கூடாது என்று பூசாரி மறிக்கிறார்.

ஆ) அம்பலம் உண்மையைக் கண்டுகொண்டு சிரிக்கிறார். (மீசையோடு பொருந்தவில்லை.)

இ) மலையம்மாள் கண்ணீர் மல்க—

எது நல்லது என்று யோசித்துத் தலை நிமிர்ந்தால், அவள் எள்ளை மணலோடு கலந்து பாதிப் புஞ்சை விதைத்திருந்தாள். கண்ணீரைக் காணோம். விதைத்ததை என்னால் அடித்து எழுத முடியாது.

முளைக்குமா என்பது இனி ஒரு மழையில் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை; பனியே தெரியாதவன் மழைக்குப் பொறுப்பேற்க முடியாது. அந்த மழையை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் தாராள மனசுக்காரர், கொட்டித் தீர்த்துவிடுவீர்களோ என்று மலையம்மாளுக்கு ஒரே பயம். விதைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லி அனுப்பினாள்:

"எள்ளு தண்ணி நின்னாத் தாங்காதுங்க. ஒரு தூத்தல் போட்டுட்டு நிறுத்திக்கச் சொல்லுங்க."