முழங்காலில் நிற்கும் மனிதன்

எட்வேட், நாணயம் போன்ற அந்தச் செப்பு வில்லையை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் தள்ளி வைத்தார். அதை ஏலத்தில் எடுத்த கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்த கணவர் சச்சிதானந்தனின் முகம் வாடுவதை, அறுவைச் சிகிச்சை செய்த காலை நீட்டியபடி சோபாவில் இருந்த கலாவதி கவனித்தாள். நாணயம் சேர்ப்பவர்களின் சங்கத்தில் அவள் கணவர் பெரிதாக மதிக்கும் ஆள் எட்வேட். பார்படோசிலிருந்து வந்த குடும்பம்; முன்னோர் கரும்புத் தோட்ட அடிமைகள். அவருக்குக் காட்டத்தானே இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து.

வில்லையில், விலங்கு பூட்டிய ஒருவன் முழங்காலில் நின்று கூப்பிய கைகளை உயர்த்தியிருந்தான். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் அந்தக் காலத்தில் அடித்துப் பரப்பியது.

"நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள்," என்றார் எட்வேட் ஆங்கிலத்தில். "ஆனால் என் மனைவி இதை வீட்டுக்குள் விடமாட்டாள். இவ்வளவு காலமாகியும் அவனை ஒருவரும் எழும்ப விடவில்லையே என்பாள்."

தேநீர் கொண்டுவந்த றூபினியிடம் அவர் லண்டன் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் சச்சிதானந்தன் பதில் சொன்னார்: அவளுக்கு வெளியே போவதில் விருப்பமில்லை, வீட்டுப் பிள்ளை. எட்வேட் தலையாட்டினார். பிறகு றூபினியைப் பார்க்கவில்லை, இது உண்மையா என்று கேட்பதுபோல் கலாவதியைத்தான் பார்த்தார்.

றூபினி, சச்சிதானந்தனின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். கலாவதியின் கால் குணமாகும்வரை ஒத்தாசைக்கென்று விசிட்டர் விசாவில் வந்தவள். விசா முடிந்தபோது, "வெளியாலை போனா பிடிச்சிடுவாங்கள்" என்று சொல்லி, அவளுடைய பாஸ்போட்டைச் சச்சிதானந்தன் வாங்கிப் பத்திரப்படுத்தினார். கலாவதி அப்போது வாய் திறக்கவில்லை. சமையலும் உடுப்புத் தோய்ப்பும் தானாக நடந்தன. காலும் ஆறிக்கொண்டு வந்தது. உடம்பு சுகம் கண்டால் மனமும் கண்ணை மூடிக்கொள்கிறது.

எட்வேட்டை ஸ்டேஷனில் விட கணவர் காரை எடுத்துப் போனபின், றூபினி கோப்பைகளை எடுக்க வந்து வில்லையைக் குனிந்து பார்த்தாள்.

"மாமி, சுத்திவர என்ன எழுதியிருக்கு?"

"நானும் மனிசனில்லையோ, சகோதரமில்லையோ எண்டு."

"ஆரிட்டைக் கேக்கிறான்?"

றூபினி கையிலெடுத்த கோப்பைகளைத் திரும்ப வைத்தாள்.

"ஊரிலை அம்மாக்கு உடம்பு ஏலாமல் கிடக்கு, மாமி. மாமாட்டை ரெண்டுதரம் கேட்டுப் பாத்திட்டன். நீங்களாவது பாஸ்போட்டை எடுத்துத் தாங்கோ."

கலாவதி தடியை ஊன்றி எழுந்தாள். பாஸ்போட் நாணய அலுமாரியின் கீழ்த்தட்டில், வெல்வெட் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. வெளியே போய் இவள் யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும் என்ற பயம். நாளைக் காலை யார் தன்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆனாலும் கொடுத்தாள். றூபினி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

திரும்பி வந்த சச்சிதானந்தன் அலுமாரி திறந்திருப்பதைக் கண்டார்.

"குடுத்திட்டன்," என்றாள் கலாவதி.

"விசர்தான் உனக்கு! உன்ரை காலை இனி ஆர் பாக்கிறது?" கதிரையில் தொப்பென்று இருந்தார். குரல் திடீரென்று இறங்கியது. "கலா, நான் என்ன, அவளைச் சங்கிலியாலையே கட்டி வைச்சனான்? என்ரை பிள்ளை மாதிரியெல்லே பாத்தனான்."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதுதான் அவளைக் கலங்க வைத்தது.

முன்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கலாவதி யன்னலடிக்குப் போனாள். றூபினி கம்பளிச் சட்டையோடு, பாஸ்போட்டைக் கையில் பிடித்தபடி, பையெதுவும் இல்லாமல், தெருமுனைவரை வேகமாக நடந்தாள். அங்கே நின்றாள். விசா முடிந்தபின் அவள் தனியே வெளியே வந்தது இதுதான் முதல்தடவை. ஒரு பக்கம் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கம். பஸ் ஒன்று வந்து கதவைத் திறந்து, கொஞ்சநேரம் பொறுத்து, மூடிக்கொண்டு போனது. அவள் இன்னும் அங்கேயே நின்றாள், கூந்தலைக் காற்று கலைக்க, முகத்தை உயர்த்தியபடி.