படங்களில் சாம்பல் பட்டை

லிவியு ப்ரெயிலா நகரில் ட்ராம் ஓட்டுகிறவன். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தால், சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவான். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் டிப்போ ஆட்கள். நேரான பாதையில் அவன் கார் ஒழுங்காகத்தான் போகும். வளைவு வந்தால் திரை விக்கி விக்கி நின்றுவிடும்.

“வழி விடுங்கடா, ட்ராம் வருது!” என்று ஹெட்போனில் கத்துவான் ரெலு. “மணி அடிச்சுக்கிட்டே வாடா லிவியு, ஸ்டாப்ல ஆளுங்க நிக்கிறாங்க!”

ரெலு டிப்போவில் எலக்ட்ரீஷியன். ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில் பைத்தியம் பிடித்தவன். லிவியு ஒருநாள் கேண்டீனில் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கும் ஏத்திக் குடேன்.”

“நீயே ஏத்தலாம்டா. உன்னோடது பழைய மெஷின், வேகத்தைப் பூட்டி வெச்சிருப்பான். பேஸ் க்ளாக்னு ஒரு எண் இருக்கு, அதைத்தான் ஏத்தணும். ஆனா ஒண்ணு, அதை ஏத்தினா ப்ராசஸர் மட்டும் ஓடாது, டிஸ்க்குக்குப் போற பாதையும் சேர்ந்து வேகமா ஓடும், எழுதுறது பிசகலாம். உன் பொண்டாட்டி படமெல்லாம் அதுலதானே இருக்கு? வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு, அவகிட்டயும் சொல்லிட்டுச் செய்.”

“சரி, சரி” என்றான் லிவியு.

வீட்டில் இருந்தது ஒரே கணினி. அவன் மனைவி ஒட்டிலியா கல்யாணம், ஞானஸ்நானம் என்று படம் எடுப்பவள். சாயங்காலம் அந்தக் கணினி அவளுடையது. அவளிடம் சொன்னால், “எதுக்கு, கேமுக்கா?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குக் கூச்சப்பட்டு அவன் சொல்லவில்லை. படங்களை எடுத்து வைக்கவும் பொறுமை இல்லை.

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம் கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த க்ளாக் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினான். ஓடியது. இன்னும் ஏற்றினான். ஓடியது. மூன்றாம் முறை திரை கறுத்து, கணினி எழுந்திருக்கவே இல்லை. வியர்த்துப்போய், பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். எண் பழையபடி ஆகி, உயிர் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கறுத்த இடத்துக்கு ஒரு படி கீழே எண்ணை வைத்தான். அரைநாள் சோதனை ஓட வேண்டும் என்று ரெலு சொல்லியிருந்தான். இவன் காபி குடித்து முடிக்கும்வரை ஓடவிட்டு நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு ரேஸில் மூன்றாவதாக வந்தான்.

“ட்ராமுக்கு றெக்க முளைச்சிருச்சுடா!” என்றான் ரெலு. லிவியுவுக்கு நாள் முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த ஞாயிறு கீழ்வீட்டு வியோரிகாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பல வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. வியோரிகாவின் தம்பி ஸ்பெயினில் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறவர், இதற்காகவே ஒருநாள் லீவு வாங்கிக்கொண்டு வந்துபோனார். ஒட்டிலியாதான் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை அழித்து, அதே கார்டில் அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணத்தையும் எடுத்தாள். அதன் பிறகுதான் ஞானஸ்நானப் படங்களைத் திருத்த உட்கார்ந்தாள்.

“லிவியு, இங்க வாயேன். இது என்ன?”

பாதிரியாரின் கை தெரிந்தது. அதற்குக் கீழே சாம்பல் பட்டை. அடுத்த படத்தில் குழந்தையின் நெற்றிக்குக் கீழே சாம்பல். சிலவற்றில் நிறம் பிசகி, முகங்கள் துண்டு துண்டாக விலகிக் கிடந்தன. பல படங்கள் திறக்கவே இல்லை.

தான் ஏற்றிய எண்தான் காரணம் என்று பார்த்த கணத்திலேயே அவனுக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“கார்டு போயிருக்கும். மலிவு கார்டு வாங்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

ஒரு தடவைகூட அவன் அப்படிச் சொன்னதில்லை.

“ஆமா,” என்றாள் அவள் மெல்ல. “நான்தான் பாத்து வாங்கியிருக்கணும்.”

சொல்ல வேண்டியதைச் சொல்லக் கீழே போனபோது அவனையும் கூட வரச் சொன்னாள். வியோரிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றே கேட்டாள்.

“எல்லாமேவா? என் தம்பி படமுமா?”

“கார்டு சரியில்லக்கா. எம்மேலதான் தப்பு. மன்னிச்சுடுங்க.” ஒட்டிலியா குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

வியோரிகா லிவியுவைப் பார்த்தாள். “நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேன், கேக்கல” என்றான் லிவியு.

சொல்லி முடித்ததும் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. படியேறும்போது ஒட்டிலியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

மறுநாள் அவள் வெளியே போனதும் எண்ணைப் பழையபடி இறக்கினான். கார்டில் இன்னும் இருந்த கல்யாணப் படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தன. எண்ணை மறுபடி ஏற்றி, அதே படங்களை இன்னொரு முறை ஏற்றினான். மணப்பெண்ணின் தோளுக்குக் கீழே சாம்பல். கார்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை. எண்ணை இறக்கிவிட்டுக் கணினியை அணைத்தான். அன்று ரேஸுக்குப் போகவில்லை.

ஒட்டிலியாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வியோரிகாவிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது. போய்ச் சொன்னான்.

“கார்டு இல்லீங்க. நான்தான். கம்ப்யூட்டர் வேகத்தை ஏத்தி வெச்சேன், படமெல்லாம் கெட்டுப்போச்சு.”

“எதுக்கு ஏத்துனீங்க?”

“கேம் ஆட.”

“அன்னிக்கு அவ அழாத குறையா நின்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமா.”

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“இன்னிக்குச் சொல்லிடுறேன்.”

சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தான். சாப்பிட்டு முடித்தும் பேச்சு எழவில்லை. மறுநாள் குப்பை கொட்டப் போன ஒட்டிலியா, காலி வாளியோடு திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“வியோரிகாக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மனசை விடாதே, உன்மேல தப்பில்ல, அவரே வந்து சொல்லிட்டாரு’ன்றாங்க. என்ன சொன்னாருன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை.

“படம் போனதைக்கூட விடு. ‘எத்தனை தடவை சொன்னேன்’னியே. எப்பச் சொன்ன? ஒரு தடவை சொல்லேன் பாப்போம்.”

அவள் காலி வாளியைக் கீழே வைத்தாள்.

“விருந்துக்கு வந்தவங்க போன்ல படம் இருக்கும். நீயே போய் வாங்கிட்டு வா. ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லு. கார்டு கீர்டுன்னு எதையாவது சொன்னேன்னு தெரிஞ்சது, அவ்வளவுதான்.”

அவன் போனான். குழந்தையின் ஞானத்தாய் வேலை செய்த ரொட்டிக்கடையில், வரிசையில் நின்றவர்கள் காதில் விழச் சொன்னான். அங்கே ஒரு கிழவர் திரும்பி, “பொண்டாட்டி தலையில கட்டிட்டியா? நல்ல ஆம்பளப்பா” என்றார். பாதிரியார் முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் தினமும் உங்க ட்ராம்லதான் வர்றேன். அதையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?” என்றார். யாரும் அவனை அடிக்கவில்லை. எல்லாரும் போனைத் தேடிப் படம் அனுப்பினார்கள்.

ஸ்பெயினுக்கும் பேசினான். வியோரிகாவின் தம்பி திட்டாமல், “நான் குழந்தையைத் தூக்கி வெச்சிருக்கிற படம் ஒண்ணு கிடைச்சா எனக்கும் அனுப்புங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது லிவியுவுக்கு.

அந்தப் படம் விருந்தில் அக்கார்டியன் வாசித்தவரிடம் இருந்தது. துண்டில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தம்பி வாய்விட்டுச் சிரிக்கிறார். ஓரத்தில், எடுத்தவரின் விரல் பெரிதாக விழுந்திருந்தது. ஒட்டிலியா அதை அழிக்க நெடுநேரம் போராடினாள். விரல் முழுசாகப் போகவில்லை.

கிடைத்த படங்களைக் கோத்து ஒட்டிலியா செய்த ஆல்பத்தை வாங்கிக்கொண்ட வியோரிகா அந்தப் பக்கத்தில் கையை வைத்தபடி நின்றாள். “கிடைச்சதே பெரிசு” என்றாள். குத்திச் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா என்று லிவியுவுக்கு விளங்கவில்லை.

நடந்ததை லிவியு முதலில் ரெலுவிடம் சொல்லியிருந்தான்; அவன் டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களிடம் லிவியுவே சொன்னான். அதற்குப் பிறகு ரேஸில் எல்லாரும் அவனைக் கிண்டல் செய்யாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவன் ஆடுவதை நிறுத்திக்கொண்டான்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கீழ்வீட்டு வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். தோளில் கேமரா பையோடு அறிமுகமில்லாத ஓர் இளைஞன் உள்ளே போவதை ஒட்டிலியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பின்னால் நின்ற லிவியுவும் பார்த்தான்.

“நான் வேணா போய் அவங்ககிட்டப் பேசவா?” என்றான்.

“வேணாம்,” என்றாள் அவள், திரும்பாமல். “நீ பேசினதெல்லாம் போதும்.”