தழும்பை அழித்த படம்

அண்ணன் மறுபடி பிறந்துவிட்டான் என்று தெருவெல்லாம் பேச்சு. போன ஞாயிறு ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, போதகரின் கைப்பிடியில் முங்கி எழுந்து ஞானஸ்நானம் பெற்றிருந்தான். தங்கை அதை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவள். முகம்தான் அவள் படித்த படிப்பு. பிறந்தது நிஜமென்றால் முகத்தில் எங்காவது தெரிந்தாக வேண்டுமே!

அவனே போட்டோ எடுக்க வந்து நின்றபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

படம் அவன் மகளுக்கு. அப்பனின் குடி தாங்காமல் அம்மாவோடு போய்விட்டவள், வருஷக்கணக்கில் பேசாதவள், இப்போது அத்தையான இவளிடம் சொல்லியிருந்தாள்: "முதல்ல ஒரு போட்டோ அனுப்புங்க அத்தை. பாத்துட்டு, வரதா வேண்டாமான்னு சொல்றேன்."

"புதுசாப் பொறந்த புள்ளைக்கு முதல் போட்டோ. பாத்து எடும்மா."

"பொறந்த புள்ளைக்குத் தலையில நாலு முடியாவது இருக்கும்!"

அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான். எடுத்து முடித்து, அவன் முகத்தைக் கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். அதே மூக்கு. கண்ணுக்குக் கீழே அதே தொங்கல்.

"முங்கினப்போ என்னண்ணா ஆச்சு?"

"மூக்குல தண்ணி ஏறுச்சு."

"அது எல்லாருக்கும்தான் ஏறும். அப்புறம்?"

அவன் யோசித்தான். "மேல வந்து மூச்சு விட்டேன் பாரு, யாரோ ரொம்ப நாளா எனக்காகக் காத்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல சொல்லத் தெரியலம்மா."

காது அவனிடம் இருக்க, அவள் விரல்கள் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மரு, கருவளையம், சுருக்கம். வாடிக்கையாளர் கேட்காமலே அழித்துத் தரும் கை அது. அப்படியே மகளுக்கு அனுப்பியும் விட்டாள்.

சற்று நேரத்தில் மகளின் குரல் பதிவு வந்தது. "அத்தை, இது யாரு?"

தங்கை படத்தை மறுபடி திறந்தாள். திரையில் அண்ணனின் நெற்றி வழவழவென்று இருந்தது. புருவத்தை வெட்டிக்கொண்டு ஓடும் தழும்பைக் காணோம். குடிவெறியில் அலமாரிக் கண்ணாடியில் தலையை மோதி உடைத்த நாளில் விழுந்தது. அந்த அறையில் மகளும் இருந்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இது நல்லாத்தான் இருக்கு" என்றான் மெதுவாக. "இதையே வச்சுக்கலாமா? புது மனுஷன்தானே நான்?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன். பழசெல்லாம் போச்சுன்னா தழும்பும் போகணும்ல?"

அவன் ஆசையாக அந்த வழவழப்பான நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உயிர்த்தெழுந்தவர் கையிலயே ஆணித் தழும்பு இருந்துச்சேம்மா" என்றான் பிறகு. "அதைக் காட்டித்தானே கூட இருந்தவங்களுக்குத் தன்னைத் தெரியவெச்சார். அவருக்கு மத்தவங்க பண்ணினது. எனக்கு நானே பண்ணிக்கிட்டது. ஆனா அதை என் பொண்ணு கண்ணால பாத்திருக்கா. அழிச்சா, அவ பாத்ததே பொய்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். எடுத்தது எடுத்தபடியே அனுப்பு."

அனுப்பினாள். அவன் நீலத் திரைச்சீலைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அடுத்த குரல் பதிவு வந்து போன் ஒலித்ததும் நின்றுவிட்டான்.

"இது அப்பாதான்." பின்னணியில் ஏதோ பஸ்ஸின் இரைச்சல். "அத்தை, அவர் நேராப் பாக்குறாரே! எங்க வீட்டுல இருக்கிற எந்தப் போட்டோவுலயும் அப்பா நேராப் பாத்ததே இல்ல. நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா?" பிறகு குரல் தணிந்தது. "வரேன். ஆனா நீங்க கிளம்பிப் போயிடக்கூடாது. பக்கத்துலயே இருக்கணும்."

"என்னம்மா சொல்றா? மறுபடி போடு" என்றான் அண்ணன், முழுதும் கேட்டிருந்தும்.

அவள் போடவில்லை. திரையை விட்டு எழுந்து வந்து, அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே நின்று அவன் கண்களைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.