சாப்பாடு ஆச்சா?

யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்று சொல்ல ரெங்கராஜ் தன் வயிற்றைக் கேட்க வேண்டியதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும். நம் ஊரில் யாருக்குத்தான் அப்படி இல்லை? பசி உயிரை எடுத்தாலும் ஆச்சு என்பதுதான் மரியாதை. அதை நம்பாமல் தட்டை எடுத்து வைப்பது, கேட்டவர் செய்ய வேண்டிய மரியாதை.

இந்த இரண்டாவது பாதி போன் டாக்டருக்குத் தெரியவில்லை.

மகள் யாழினியின் பிரசவத்துக்காக மனைவி மகாலட்சுமி பெங்களூர் போனாள். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் அப்பாவின் சர்க்கரையைக் கவனிக்க யாழினி செய்த ஏற்பாடுதான் அந்தப் போன் டாக்டர். தினமும் மதியம் ஒரு பெண் குரல் கூப்பிடும். மனுஷி இல்லை, இயந்திரம். "மெஷினுக்கு என் உடம்பப் பத்தி என்ன தெரியும்?" என்று முதலில் முறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவளோ கால் மரத்துப்போகிறதா, தூக்கம் வந்ததா என்று நிதானமாகக் கேட்டாள். ஒரே வாரத்தில் அவள் சொல்வது ரெங்கராஜுக்கு வேதவாக்காகிவிட்டது. இன்சுலின் ஊசியின் அளவும் அவள் சொன்னபடிதான்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"ஆச்சும்மா."

எங்கே ஆயிற்று? மெஸ்ஸிலிருந்து வரும் கேரியரைத் திறந்தாலே மகாலட்சுமி இல்லாத வீடு இன்னும் பெரிதாகிவிடும். சோறு தொண்டையில் இறங்காது. ஒரு வாயோடு சரி, மீதியெல்லாம் தெருமாட்டுக்கு. மனைவியிடம் சொன்னால் பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். அந்தக் குரலிடம் சொல்லலாம்தான். ஆனால் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவரை அவள் நம்பினாள். ஊசியின் அளவைக் குறைக்கவில்லை.

அன்று ஊசி போட்டுக்கொண்டவர், கேரியரைத் திறக்காமலே அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வந்து உட்கார்ந்தார். காவிரி வெயிலில் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் தண்ணீர் நின்றுவிட்டது. படிகள் மட்டும் மெல்ல நகர்ந்தன. அக்கரையில் இருக்கும் மலைக்கோட்டை அவசரமில்லாமல் ஆற்றில் இறங்கி அவரை நோக்கி நடந்து வந்தது. அவருக்குப் பயமே இல்லை. சுகமாகத்தான் இருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது, கைகள் யாருடையவோ போல நடுங்கின. கீழ்ப்படியில் மகாலட்சுமி ஈரப் புடவையோடு குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தாள். வாழையிலை நீண்டுகொண்டே போனது. ஒரு பருக்கைகூட அதில் இல்லை.

போன் அடித்தது. எடுத்து "அலோ" என்றார்.

"ஐயா, உங்க குரல் வேற மாதிரி இருக்கு. சாப்பிட்டீங்களா?"

"ஆ..." என்று தொடங்கிய நாக்கு பாதியில் சுருண்டது. "இலை காலியா இருக்கும்மா."

"அப்ப சாப்பிடலையா? இன்னிக்கு மட்டுமா?"

"ரொம்ப நாளா."

சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது. இவ்வளவு சின்ன வார்த்தையைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது!

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க. இப்பவே."

பக்கத்தில் பூஜைச் சாமான் விற்கும் ராக்கம்மாள் இருந்தாள். குரல் சொன்னதைக் கேட்டவள் எதிர்த்த டீக்கடைக்கு ஓடி, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிய தண்ணீரைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மலைக்கோட்டை தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. காவிரியும் ஓட ஆரம்பித்தது.

"சாப்பிட்டீங்களாய்யா?" என்றாள் ராக்கம்மாள்.

"ஆச்சும்மா."

"ஆமா, மூஞ்சியப் பாத்தாத் தெரியலையாக்கும்!" என்று அவள் தன் தூக்குவாளியைத் திறந்து நாலு வாய் புளிசாதத்தை அவர் கையில் உருட்டி வைத்தாள். போனில் குரல் இன்னும் இருந்தது. டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும், அவர் பேசும்வரை அடுத்த ஊசி வேண்டாம் என்றும் சொன்னது.

வீட்டுக்கு வந்தபோது பெங்களூரிலிருந்து மகாலட்சுமி கூப்பிட்டாள். எடுத்ததும் அதே கேள்விதான்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல மகா. நீ போனதுலேர்ந்து சரியாவே சாப்பிடல. இறங்க மாட்டேங்குது."

திட்டப் போகிறாள் என்று ரெங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"நானுந்தாங்க," என்றாள் அவள். "தினமும் ஆச்சு ஆச்சுன்னு உங்ககிட்ட பொய்யி சொல்லிட்டு இருக்கேன்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டினாள்: "வீடியோவைப் போடுங்க. கேரியரத் திறங்க. நானும் தட்டு எடுத்துட்டு வரேன்."