காட்டாறு என்றொரு எழுத்துரு

தூரிகையில் மை தீரும் தறுவாயில் காகிதத்தில் விழும் கீறல்களுக்கு ஓவியர் ‘ஆன்மா’ என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஆன்மாவை ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றி, ‘காட்டாறு’ என்ற எழுத்துருவாக விற்றார். ‘கட்டுக்கடங்காத கை. பெரிய தலைப்புகளுக்கு மட்டும்’ என்றது விளம்பரம். கட்டுக்கடங்காத அந்தக் கை பக்கம் பக்கமாக ‘ட’ எழுதி, தேறிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கசக்கிப் போட்டதை விளம்பரம் சொல்லவில்லை.

மனைவியின் அண்ணன் ரொட்டிக்கடை வைத்தார். பெயர் ‘சுடச்சுட’. பலகை, பை, பெட்டி எல்லாமே காட்டாறு. உள்ளே பெரிய சுவரில் மட்டும் கடைப் பெயரை மாப்பிள்ளையே கைப்பட எழுத வேண்டும். பிடித்துவிட்டால், வரப்போகிற கிளைகளின் சுவரெல்லாம் அவருக்குத்தான். மாமியார் வீட்டில் அவரைப் பற்றி யாராவது விசாரித்தால் “வீட்டுலதான் இருக்காரு” என்பதே இன்றுவரை பதில். அந்தப் பதிலை மாற்ற ஓவியருக்கு இந்தச் சுவரை விட்டால் வேறு வழியில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஏணி போட்டார்கள். ஓவியர் கண்ணை மூடினார், மூச்சை இழுத்துவிட்டார், ஒரே வீச்சில் எழுதி இறங்கினார்.

மச்சான் ஒரு பையைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. இது நம்ம எழுத்து மாதிரி இல்லையே?”

“மச்சான், அதை எழுதினதே நான்தான்.”

“அது சரி. பையில ரெண்டு ‘ட’வும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. இங்க ஒண்ணு நிக்குது, இன்னொண்ணு மயங்கி விழுது.”

“கைன்னா அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும். அதுலதான் உயிரே இருக்கு.”

“உயிர் இருக்கட்டும் மாப்பிள்ளை. வர்றவங்க போலின்னு நினைச்சிட்டா?”

ஓவியர் மனைவியைப் பார்த்தார்.

“அண்ணன் கேக்குறதுல என்னங்க தப்பு? ஊரான் எழுத்தையா பாத்து எழுதச் சொல்றாரு? உங்க எழுத்துதானே!”

சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள். வாடகைக்கு ப்ரொஜெக்டர் வந்தது. காட்டாறு வெளிச்சமாகச் சுவரில் விழ, ஓவியர் அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டார். பிறகு இமைமுடி கனத்தில் ஒரு தூரிகையை எடுத்து, என்றோ தற்செயலாக விழுந்த ஆன்மாவை, நாக்கைக் கடித்துக்கொண்டு, கீறல் கீறலாக நிரப்பினார். கீழே நின்ற மச்சான், “ரெண்டாவது ‘ட’வுக்கு ஒரு கீறல் குறையுதே?” என்றார். அதுவும் போடப்பட்டது.

விழாவில் சொந்தக்காரர்கள் ரொட்டியை மென்றபடி சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பெரியம்மா நகத்தால் சுரண்டியே பார்த்துவிட்டார்.

“ஸ்டிக்கராடா?”

“ஸ்டிக்கரா! மாப்பிள்ளை கையால எழுதினது பெரியம்மா!” மச்சான் ஓவியரின் தோளில் கைபோட்டார். “அசல் கலைஞர். அச்சடிச்ச மாதிரி, ஒண்ணுக்கொண்ணு இம்மி பிசகாது. இனிமே எல்லாக் கிளையும் இவர்தான்.”

மனைவியின் முகத்தில், கல்யாணத்தன்றுகூடக் காணாத பெருமை.

ஓவியர் அடக்கமாகச் சிரித்தார். “எல்லாம் பழக்கம்தான் பெரியம்மா.”