அட்டை கேட்ட ஐயா

சிவபாதத்தாருக்கு முப்பது வருஷமாக ஒரு கோபம். லண்டன் பேராசிரியர் ஒருவர் மேல். அந்த மனுஷனை இவர் நேரில் பார்த்ததுகூட இல்லை!

விலங்கியல் படிக்கிற இளவட்ட வயதில், இலங்கை மலைநாட்டு லிந்துலைப் பக்கம் சுற்றியபோது ஒரு ஜீவனைக் கண்டார். நூறு காலோடு ஊர்ந்தது. உடம்பு கறுப்பு, கால்களெல்லாம் செக்கச்செவேல். குப்பியில் போட்டு அந்தப் பேராசிரியருக்குக் கப்பலேற்றினார். குப்பி வழியில் உடைந்து எல்லாம் நாசம். 'அப்படியொன்று கிடையவே கிடையாது, பையன் கனவு கண்டிருக்கிறான்' என்று பேராசிரியர் அச்சிலேயே போட்டுவிட்டார். பிறகு யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படிப்பித்தே தலை நரைத்துப் போயிற்று. ஓய்வு பெற்ற கையோடு, 1954இல், லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் பெட்டியை இறக்கினார். கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. இந்த மழைக்காலத்துக்குள் அதைப் பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் பொய்யன்தான்.

கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்களை மறித்தார். "எனக்கு அட்டை வேணும். உயிரோட பிடிச்சுக் கொண்டு வாங்கோ."

மறுநாளே டப்பா டப்பாவாக வந்தது. அத்தனையும் இரத்தம் குடிக்கிற அட்டை! யாழ்ப்பாணத்தில் அட்டை என்றால் நூறு காலோடு ஊர்வது, தொட்டால் சுருள்வது. மலையில் அட்டை என்றால் காலைக் கடிப்பது. ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே படிப்பித்த மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"இதில்லை! கால் இருக்கிற அட்டை!"

"அட்டைக்கு ஏதுங்கய்யா காலு?" என்றாள் அவர்களில் ஒருத்தியான அம்மாக்கண்ணு, முந்தானையை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கேலி பண்ணுகிறார்கள் என்று ஐயாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, வாசலிலேயே படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு, பத்து விரலையும் நெளித்துக் காட்டினார்.

"அட கடவுளே, மரவட்டைங்களா! அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்புறம் கேட்க வேண்டுமா? தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயமே கிளம்பிவிட்டது. கல்லைப் புரட்டினார்கள், சருகைக் கிளறினார்கள். கடைசியில் ஓர் உளுத்த மரக்கட்டையைப் புரட்டியது சிவபாதத்தார்தான். அடியில் செக்கச்செவேலென்று கால்கள். மனுஷர் ஓவென்று அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குப்பியில் விட்டு, அம்மாக்கண்ணு பக்கம் திரும்பினார். "இனி இதுக்கு ஒரு பேர் வைக்கலாம். உலகம் முழுக்க அந்தப் பேர்தான். உங்கட பேரை வைக்கட்டோ, தங்கச்சி?"

"பூச்சிக்கா? நல்லாருக்கே! மிதிச்சா என்னைய மிதிச்ச மாதிரி ஆகாதா?" பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கூடவே சிரித்த அம்மாக்கண்ணு சட்டென்று கேட்டாள். "ஊரு பேரும் எழுதுவீங்களா?"

"ஓம். சொந்த இடம் லிந்துலை, இலங்கை எண்டு."

"நானும் இங்கதாங்க பொறந்தேன். பிரஜாவுரிமை கேட்டதுக்கு, நீ இந்தியாக்காரி, இந்த நாட்டு ஆளில்லைன்னு சொல்லிட்டாங்க." அவள் குனிந்து குப்பிக்குள் பார்த்தாள். "என் பேரையே வைங்கய்யா."